தரை பெயர்ந்தால் யார் பொறுப்பு?

வீடு வாங்குகிறவர் சுவரைத் தட்டிப் பார்க்கிறார். குழாயைத் திறந்து பார்க்கிறார். ஜன்னல் கதவு சரியாக மூடுகிறதா என்று இழுத்துப் பார்க்கிறார். காலடியில் இருக்கும் தரையை மட்டும் அவர் சோதிப்பதில்லை. அது பளபளவென்று மின்னுகிறது. அதுவே போதும் என்று எண்ணிவிடுகிறார். சாவி கைக்கு வந்து, கிரகப்பிரவேசம் முடிந்து, ஒன்றிரண்டு கோடை கழிந்த பிறகு, ஒரு நாள் நடுநிசியில் கூடத்தில் படாரென்று ஓசை கேட்கிறது. விளக்கைப் போட்டுப் பார்த்தால் இரண்டு டைல்ஸ் ஒன்றுக்கொன்று முட்டுக்கொடுத்துக் கூடாரம் போல் எழும்பி நிற்கின்றன.

சென்னைக்குத் தெற்கே ஒரு புறநகரில் நமது நண்பரான ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவருக்கு இவ்வாறே நேர்ந்தது. சேமநிதிப் பணமும், மகன் பேரில் எடுத்த பாங்குக் கடனும் சேர்ந்து வாங்கிய பிளாட் அது. அதில் குடியேறிப் பதினான்கு மாதங்கள்கூட ஆகவில்லை. உண்மையில், குறையை முதலில் கண்டறிந்தவர் அவருடைய வயோதிகத் தாயார். கோலூன்றி நடக்கும் அந்த அம்மாள், சில இடங்களில் கோல் ஊன்றும் ஓசை மாறுகிறதென்று வெகு நாளாகச் சொல்லி வந்தார். "இங்கே அடியிலே ஒண்ணுமே இல்லையடா, வெறும் பானை மாதிரி சத்தம் வருது" என்று அவர் சொன்னதை வீட்டில் யாரும் பொருட்படுத்தவில்லை. தரை எழும்பிய பிறகு, அந்த அம்மாள் கூடத்தில் கால் வைக்கவே அஞ்சி அறைக்குள் அடைந்துகொண்டார். எண்பது வயதில் இடறி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் என்ன கதியாகும் என்பதை நாம் விவரிக்க வேண்டியதில்லை.

நண்பர் கம்பெனிக்கு டெலிபோன் செய்தார். வந்த மேற்பார்வையாளர், "கிரைண்டரைத் தரையில் இழுத்தீர்களா, சார்?" என்று கேட்டார். இரண்டாம் முறை வந்தபோது, "வெயில் காலத்தில் இப்படித்தான் சார், தானே அடங்கிவிடும்" என்றார். மூன்றாம் முறை, டைல்ஸ் பதித்த தொழிலாளி பீகாரிலிருந்து வந்தவன், அவன் ஊருக்குப் போய்விட்டான், அவனைச் சொல்லிக் குற்றமில்லை, தாங்கள்தான் கவனிக்கத் தவறினோம் என்று ஒப்புக்கொண்டிருந்தால் நாம் அவரை மெச்சியிருப்போம். ஆனால் அவர் சொன்னது, "அவன் செய்த வேலைக்கு நாங்கள் என்ன செய்வது?" என்பதே. ஆறு டைல்ஸ் மாற்றினார்கள்; அவற்றின் நிறம் பழையவற்றோடு ஒட்டவில்லை. இரண்டு மாதத்தில் சமையலறையிலும் தரை எழும்பிற்று.

அந்தத் தொழிலாளியின் மீது பழியைப் போடுவது எவ்வளவு பெரிய அநியாயம் என்பதை அறிய, இந்தத் தரை எவ்வாறு அமைகிறதென்று தெரிந்துகொள்ள வேண்டும். நம் பாட்டன்மார் வீட்டுக் காவித் தரை சுண்ணாம்போடும் சிமெண்டோடும் ஒன்றாகவே இழைத்துத் தேய்க்கப்பட்டது. அதில் பெயர்வதற்குத் தனித் துண்டு ஏது? செட்டிநாட்டு ஆத்தங்குடிக் கல் தண்ணீரை உறிஞ்சும். ஆகவே கீழிருக்கும் சாந்தை அது பற்றிக்கொள்ளும். இன்று எங்கும் பதிக்கப்படும் விட்ரிஃபைடு டைல்ஸ் வேறு ஜாதி. கண்ணாடி போல் இறுகச் சுடப்பட்ட அது தன் எடையில் அரை சதவீத அளவுகூடத் தண்ணீர் உறிஞ்சாது. அதனாலேயே கறை படியாது; அதனாலேயே வெறும் சிமெண்டுப் பாலும் அதை எளிதில் பிடிக்காது. அதற்கென்று ஒட்டும் பசை உண்டு. அந்தப் பசையின் தரத்துக்கு இந்திய தர நிர்ணய அமைப்பு ஐ.எஸ். 15477 என்ற விதியையே வகுத்திருக்கிறது. பசைக்குச் செலவு அதிகம். ஆகவே நான்கு மூலைக்கு நான்கு உருண்டைச் சாந்து, நடுவில் ஒன்று என்று வைத்து, மேலே கல்லை அழுத்திவிட்டு அடுத்த கல்லுக்குப் போய்விடுகிறார்கள். உருண்டைகளுக்கு நடுவே இருப்பது காற்று. அதுதான் அந்த அம்மாளின் கோலுக்குப் பானையாக ஒலித்தது.

இத்துடன் நின்றதா? வெப்பத்தில் கல் சற்றே நீளும். சுவரோரத்தில் விரற்கடை இடைவெளி விட்டு, அதை ஸ்கர்ட்டிங்கால் மறைத்தால் நீளுவதற்கு இடமிருக்கும். இடைவெளியே விடாமல் கல்லோடு கல்லை நெருக்கிச் சுவர் வரையில் முட்டப் பதித்தால், அது மேலே எழும்பாமல் எங்கே போகும்? பசை வாங்கித் தராதவர் யார்? சதுர அடிக்கு இவ்வளவு என்று கூலி பேசி, நாளைக்குள் முடி என்று விரட்டியவர் யார்? ஊருக்குப் போன தொழிலாளி அல்லவே.

வீட்டுக்காரருக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். தட்டினால் ஒலி மாறும் கல் ஒவ்வொன்றும் கெட்ட கல் அல்ல. ஓரத்தில் சிறிது வெற்றிடம் இருந்தும் ஆயுள் முழுவதும் அசையாத தரைகள் உண்டு. அறையில் பாதிக்கு மேல் ஒலி மாறுவதும், கல் ஆடுவதும், எழும்புவதும், இணைப்பு பிளப்பதுமே வழக்குக்கு உரியவை. இதை வேறுபடுத்தாமல் சண்டைக்குப் போகிறவர் தம் உண்மையான குறையையும் கேலிக்கு உள்ளாக்கிக்கொள்கிறார்.

நண்பருடைய மகன், "அவர்களோடு மல்லாட முடியாது அப்பா, உடைத்துவிட்டு நாமே போட்டுக்கொள்வோம்" என்றான். பெரும்பாலான குடும்பங்களில் விவகாரம் இந்த இடத்தில்தான் முடிகிறது. கட்டடக்காரர் எதிர்பார்ப்பதும் இதையே. தரையை உடைத்த மறுகணமே சாட்சியமும் உடைந்து லாரியில் ஏறிப் போய்விடுகிறது! அதிர்ஷ்டவசமாக, அடுத்த மாடியில் குடியிருந்த ஒருவர், கோர்ட்டில் பெஞ்சு குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர், அதைத் தடுத்தார். "டெலிபோனில் எத்தனை தரம் சொன்னீர்கள்? பதினேழு தரமா? ஒரு காகிதமாவது உண்டா?" என்று அவர் கேட்டபோது நண்பரிடம் பதில் இல்லை.

சட்டம் நம் பக்கத்தில் இருக்கிறதா என்று கேட்கலாம். இருக்கிறது, ஆனால் ஒரு நாளில் வந்ததல்ல. 1986-ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பிறந்தபோது, வீடு என்பது சரக்கும் அல்ல, சேவையும் அல்ல, அசையாச் சொத்து, ஆகையால் சிவில் கோர்ட்டுக்குப் போ என்றே வாதிக்கப்பட்டது. 1993-ல் சட்டத்தைத் திருத்தி, சேவை என்பதில் வீடு கட்டுதலும் அடங்கும் என்று சேர்த்தார்கள். அதே வருஷம் நவம்பர் மாதத்தில், லக்னோ அபிவிருத்தி அதிகார சபை சம்பந்தப்பட்ட வழக்கில், திருத்தத்துக்கு முன்பும்கூட அது சேவையே என்றும், சர்க்கார் ஸ்தாபனமும் இதற்கு விலக்கல்ல என்றும் சுப்ரீம் கோர்ட்டு கூறிவிட்டது. பழைய சட்டத்தின் இடத்தில் 2020 ஜூலையில் அமலுக்கு வந்த 2019-ம் வருஷத்துச் சட்டத்திலும் இந்த உரிமை தொடர்கிறது.

இதைவிட நேரான ஆயுதம் 2016-ம் வருஷத்து ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம். ஜனங்கள் 'ரெரா' என்று அழைப்பது. அதன் 14-வது பிரிவின் 3-வது உட்பிரிவை வீடு வாங்கும் ஒவ்வொருவரும் மனப்பாடம் செய்துகொள்ளலாம். வீட்டை ஒப்படைத்த தேதியிலிருந்து ஐந்து வருஷத்துக்குள், கட்டுமானத்திலோ, வேலைப்பாட்டிலோ, தரத்திலோ உள்ள குறையைக் கட்டடக்காரரின் கவனத்துக்குக் கொண்டுவந்தால், முப்பது நாளில் காசு வாங்காமல் அதைச் சரிசெய்ய வேண்டியது அவர் கடமை. தவறினால் நஷ்ட ஈடு. வேலை செய்த ஆள் யார், அவன் எங்கே போனான் என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை. சுவர் இடிந்தால்தான் குறை, தரை சில்லறை விஷயம் என்று சில கம்பெனி வக்கீல்கள் சொல்வதுண்டு. வேலைப்பாடு என்ற சொல் சட்டத்தில் எழுதப்பட்டே இருக்கிறது. 'சாவி வாங்கிக்கொண்டு கையெழுத்தும் போட்டுவிட்டீர்களே' என்ற பயமுறுத்தலும் வெறும் பூச்சாண்டிதான். வாக்களித்த வசதிகள் குறைந்தது பற்றி 2023-ல் கல்கத்தாவிலிருந்து வந்த வழக்கொன்றில், வீட்டைப் பெற்றுக்கொண்டதனாலேயே வாங்கியவர் தம் உரிமையை இழந்துவிடுவதில்லை என்று சுப்ரீம் கோர்ட்டு சொல்லியிருக்கிறது.

ஆனால், 'கவனத்துக்குக் கொண்டுவந்தால்' என்ற சொற்களை நேயர்கள் ஊன்றிப் படிக்க வேண்டும். பதினேழு தரம் டெலிபோனில் சொன்னதை எப்படி ருசுப்படுத்துவது? பெஞ்சு குமாஸ்தா செய்தது இதுதான்: அறைவாரியாகத் தரையின் படம் ஒன்று வரைந்தார். ஒவ்வொரு கல்லையும் ஒரு நாணயத்தால் தட்டி, ஒலி மாறும் கல்லின் மேல் சுண்ணக்கட்டியால் குறியிட்டு, படத்திலும் குறித்தார். தேதி விழும்படி போட்டோ எடுக்கச் சொன்னார். பிறகு ஒரு சிவில் இஞ்சினீயரை அழைத்து, பெயர்ந்த கல்லின் அடிப்பக்கத்தை அவருக்குக் காட்டினார். உருண்டைச் சாந்தின் தடம் ஐந்தும் அதில் அப்படியே பதிந்திருந்தன. இஞ்சினீயர் எழுத்துமூலம் அறிக்கை கொடுத்தார். விற்பனை ஒப்பந்தத்தைத் தேடி எடுத்து, தரையைப் பற்றி அதில் என்ன எழுதியிருக்கிறதென்று பார்த்தார்கள். 'இன்ன கம்பெனி டைல்ஸ் அல்லது அதற்கு நிகரானது' என்று இருந்தது. இந்த 'நிகரானது' என்ற வார்த்தைக்குள் எத்தனை லாபம் ஒளிந்திருக்கிறதோ, கடவுளுக்கே வெளிச்சம்!

பிறகுதான் கடிதம். கோபமோ வசையோ இல்லாத ஒரு பக்கக் கடிதம். ஒப்படைத்த தேதி, குறை தோன்றிய தேதி, சட்டப் பிரிவு, முப்பது நாள் கெடு, இணைப்பாகப் படமும் அறிக்கையும். போய்ச் சேர்ந்ததற்கு ருசு கிடைக்கும்படி தபாலிலும், ஈ-மெயிலிலும் அனுப்பப்பட்டது. அதோடு குமாஸ்தா மற்ற வீடுகளின் கதவையும் தட்டினார். இருபத்துநான்கு வீடுகளில் பதினொன்றில் இதே குறை! ஒவ்வொருவரும் தம் வீட்டில் மட்டும் என்று எண்ணி, தனித்தனியே ஆறு கல், எட்டுக் கல் மாற்றிக்கொண்டு வாய் மூடியிருந்தார்கள். வீடு வாங்கியவர்களின் சங்கமே ரெராவில் புகார் செய்ய இடமுண்டு. பதினொரு கையெழுத்துகளோடு இரண்டாவது கடிதம் போயிற்று.

கடிதத்துக்குப் பதில் வராவிட்டால் எங்கே போவது என்பதையும் சொல்லிவிடுவோம். ரெரா அல்லது நுகர்வோர் கமிஷன், இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம்; ஒன்று இருப்பதால் மற்றது அடைபட்டுவிடவில்லை என்று 2020-ல் சுப்ரீம் கோர்ட்டு தெளிவாக்கியது. இரண்டிலும் வக்கீல் இல்லாமல் தாமே நின்று பேசலாம். நுகர்வோர் கமிஷனில், கொடுத்த விலை 50 லட்ச ரூபாய் வரையில் ஜில்லா கமிஷன். அதற்கு மேல் 2 கோடி வரையில் மாகாணக் கமிஷன். அங்கே வழக்குக் காரணம் தோன்றியதிலிருந்து இரண்டே வருஷம்தான் காலவரை. ஐந்து வருஷம் இருக்கிறதே என்று சும்மா இருந்தவர் இந்தக் கதவை இழந்துவிடுவார். மேலும், உத்தரவு பெறுவது வேறு, பணம் பெறுவது வேறு. ரெரா விதிக்கும் நஷ்ட ஈட்டை நிலவரி பாக்கி போல் வசூலிக்கச் சட்டம் வழி செய்திருந்தாலும், அந்த வசூலுக்காகத் தாசில்தார் ஆபீசுக்கும் கலெக்டர் ஆபீசுக்கும் அலைகிறவர்களைக் காண்கிறோம். ஆகையால் வாசலிலேயே தீரக்கூடிய தகராறை வாசலிலேயே தீர்ப்பது கோழைத்தனம் என்று நாம் சொல்ல மாட்டோம்.

சொந்த மனையில் கான்ட்ராக்டரை வைத்து வீடு கட்டுகிறவருக்கு ரெராவின் நிழல் இல்லை. 500 சதுர மீட்டருக்கு மிகாத மனையில் அல்லது எட்டு வீடுகளுக்கு மிகாமல் எழும் கட்டடத்துக்கும் அங்கே பதிவு அவசியமில்லை. இத்தகையவர்களுக்கு நுகர்வோர் கமிஷனே புகலிடம். அதைவிட நல்ல பாதுகாப்பு ஒன்று அவர்கள் கையிலேயே உண்டு. கடைசித் தவணையில் ஒரு பகுதியை, ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் கழியும் வரையில் நிறுத்திவைப்பதாக முதலிலேயே ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். சர்க்கார் தன் கட்டடங்களுக்குச் செய்கிற காரியம்தானே இது!

நண்பர் விஷயத்துக்கு வருவோம். இருபத்தாறாம் நாள் கம்பெனியின் இஞ்சினீயர் ஒருவரே நேரில் வந்தார். கூடம், சமையலறை, இரண்டு படுக்கையறை முழுவதையும் பசையிட்டுப் புதிதாகப் பதித்துத் தர ஒப்புக்கொண்டார். அவர் நீட்டிய காகிதத்தில், 'முழுத் திருப்தி அடைந்தேன். இனி எவ்வித உரிமையும் கோரமாட்டேன்' என்று ஒரு ஷரத்து இருந்தது. வேலை இன்னும் தொடங்கவே இல்லை! குமாஸ்தா பேனாவை எடுத்து அதை அடித்தார். புதிய தரைக்கு, அது முடியும் தேதியிலிருந்து தனியாக ஐந்து வருஷப் பொறுப்பு என்றும், வேலை நடக்கும் மூன்று வாரமும் குடும்பம் வேறிடத்தில் தங்குவதற்கான வாடகையைக் கம்பெனியே ஏற்கும் என்றும் எழுதிச் சேர்த்தார். வாடகையைப் பற்றி இரண்டு நாள் இழுபறி நடந்து, பாதி பாதியாக முடிந்தது.

வேலை முடிந்து வீடு திரும்பிய அன்று, அந்த அம்மாள் வாசற்படியிலிருந்து பின்கட்டு வரையில் கோலால் ஒவ்வொரு கல்லாகத் தட்டிக்கொண்டே நடந்தாராம். குளியலறை வாசலில் மட்டும் நின்று, ஒரு கல்லை இரண்டு முறை தட்டினார். அதைப் பற்றி மறுநாளே கம்பெனிக்குக் கடிதம் போயிருக்கிறது.