கண்ணாடியை நம்பிய விஞ்ஞானி

கடல் கடந்த நாடுகளிலிருந்து நம் வீட்டுக்கு இணையத்தின் வழியாக வரும் எழுத்தும் படமும் குரலும், விண்ணிற் சுழலும் செயற்கைக் கோள்களின் மூலமே வருகின்றன என்று நம்மிற் பலர் எண்ணியிருக்கின்றோம். உண்மை அதுவன்று. கண்டம் விட்டுக் கண்டம் செல்லும் செய்திகளின் மிகப் பெரும் பகுதி, ஆழ்கடலின் அடியிற் கிடக்கும் வடங்களுக்குள்ளேயே ஓடுகின்றது. நமது மாத்தறைக் கரையில் வந்தேறும் கடல்வடமும் அத்தகையதே. வடத்தின் உள்ளே இருப்பவை தலைமயிர் போன்று மெல்லிய கண்ணாடி இழைகள். அவற்றினூடே செல்வது ஒளி.

இவ்வாறு ஒளியைக் கொண்டு தூரதேசங்களை இணைக்கலாம் என்று கணக்கிட்டுக் காட்டியவர் சாள்ஸ் காவோ என்னும் விஞ்ஞானி. ஆராய்ச்சித் துறையை நாடும் மாணவர் யாவரும் அவருடைய வாழ்க்கையை அறிந்திருத்தல் நன்று.

1933ஆம் ஆண்டு ஷங்காய் நகரிற் பிறந்த காவோ, 1948இற் குடும்பத்தாருடன் ஹொங்கொங் சேர்ந்தார். பின்னர் இங்கிலாந்து சென்று மின்பொறியியல் பயின்று, 1957இற் பட்டம் பெற்றார். ரெலிபோன் கருவிகள் செய்யும் கம்பனியொன்றிற் பொறியியலாளராக அமர்ந்து, 1960இல் ஹார்லோ நகரிலிருந்த அதன் ஆராய்ச்சிக்கூடத்துக்கு வந்தார். உத்தியோகம் பார்த்துக்கொண்டே கற்று, 1965இல் இலண்டனிற் கலாநிதிப் பட்டமும் பெற்றார்.

அக்காலத்திற் செப்புக் கம்பிகளே செய்திகளைச் சுமந்தன. 1956இல் அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்த முதலாவது ரெலிபோன் வடத்தில் ஏககாலத்தில் 36 உரையாடல்களே நிகழக்கூடும். ஒளியோ மின்னலையினும் மிக விரைந்து துடிப்பது. ஆதலாற் பன்மடங்கு செய்தியைச் சுமக்க வல்லது. ஆயினும் அதனை எவ்வழியே அனுப்புவது? வெளியில் விட்டால் மழையும் மூடுபனியும் தடுக்கும். கண்ணாடி இழையில் விட்டாலோ, 20 மீற்றர் செல்வதற்குள் நூறிலொரு பங்கே எஞ்சும். நோயாளியின் இரைப்பையை உள்நோக்கும் கருவிக்கு அது போதும். நகருக்கு நகர் பேச உதவாது. எனவே, “கண்ணாடி இதற்கு ஆகாது” என்பதே அறிஞர் பலரின் தீர்ப்பாயிற்று.

காவோ அத்தீர்ப்பை அப்படியே ஏற்றாரல்லர். ஒளியை விழுங்குவது கண்ணாடியின் இயல்பா, அன்றி அதனுட் கலந்துள்ள மாசா என்று வினவினார். தோழராகிய ஜோர்ஜ் ஹொக்காமுடன் சேர்ந்து கணக்கிட்டுப் பார்த்தபோது, இரும்பு முதலிய உலோகங்களின் நுண்ணிய மாசே பெருங் குற்றவாளி எனக் கண்டார். ஒரு கிலோமீற்றர் சென்றபின் நூறிலொரு பங்கு ஒளி எஞ்சினாற் போதும். மாசு நீக்கப்பெற்ற கண்ணாடியில் அது கைகூடும் என்று இருவரும் 1966 ஜூலையிற் கட்டுரை வெளியிட்டனர்.

கட்டுரை வெளிவந்ததே தவிர, நம்பியவர் சிலரே. ஆதலாற் காவோ கண்ணாடி செய்வோரையும் ஆராய்ச்சிக்கூடங்களையும் நாடி நாடு நாடாகச் சென்றார். நாள்தோறும் நேரங்கழித்தே வீடு திரும்புவார். இராப்போசனம் ஆறிக் கிடக்கப் பிள்ளைகளுடன் காத்திருந்த மனைவி குவென் சினங்கொள்வார். தமது வேலை ஒருநாள் உலகையே அசைக்கும் என்று கணவர் சமாதானம் கூறுவார். அப்படியாயின் நோபல் பரிசே கிடைக்குமாக்கும் என்று அவ்வம்மையார் ஏளனமாக விடையிறுத்தாராம்.

1969இல், தூய சிலிக்காவில் ஒளியிழப்பு மிகக் குறைவு என்பதைக் காவோ அளந்து காட்டினார். மறு ஆண்டிலேயே அமெரிக்காவின் கோர்னிங் கண்ணாடிக் கம்பனியைச் சேர்ந்த மௌரர், கெக், ஷூல்ட்ஸ் என்னும் மூவர், அவர் குறித்த எல்லையையும் வென்ற இழையைச் செய்து முடித்தனர். 1988இல் அத்திலாந்திக்கைக் கடந்த முதலாவது கண்ணாடி இழை வடம் 40,000 உரையாடல்களைச் சுமக்க வல்லதாயிருந்தது. இன்றைய இழையில் ஒரு கிலோமீற்றர் சென்ற ஒளி நூறில் தொண்ணூற்றைந்து பங்கு குறையாது நிற்கின்றது. இணையம் உலகளாவப் பரந்தது இவ்விழைகளின் மீதேயாம்.

இழையை முதலிற் செய்து முடித்த கைகள் காவோவின் கைகளல்ல என்பதைக் கவனிக்க. ஒருவர் வினாவை எழுப்புவார். மற்றொருவர் விடையைச் செய்து காட்டுவார். பயனை உலகம் துய்க்கும். ஆராய்ச்சியின் இயல்பு இதுவே. இதனாற் காவோ மனங்குன்றினாரல்லர். ஹொங்கொங் சீனப் பல்கலைக்கழகத்தில் மின்னணுவியற் பகுதியைத் தொடங்கிக் கற்பித்தார். 1987 முதல் 1996 வரை அதன் உபவேந்தராகவும் விளங்கினார்.

நோபல் பரிசு வந்தது 2009இல். கட்டுரை வெளியாகி 43 ஆண்டுகளின் பின்! ஆனால் அதற்குள் அல்சைமர் என்னும் மறதிநோய் அவரைப் பற்றியிருந்தது. ஸ்ரொக்ஹோமில் அவர் நிகழ்த்த வேண்டிய பேருரையை, அன்று ஏளனஞ் செய்த அதே குவென் அம்மையாரே கணவருக்காக நிகழ்த்தினார். பரிசளிப்பு மேடையில், வழக்கத்துக்கு மாறாகச் சுவீடன் மன்னரே காவோ நின்ற இடத்துக்கு நடந்து சென்று பரிசை வழங்கினார். மறதிநோயுற்றோருக்கு உதவும் நிறுவனமொன்றைத் தம்பதியர் 2010இல் அமைத்தனர். 2018இற் காவோ காலமானார்.

ஆராய்ச்சி உடனே பொருள் தரும் தொழிலன்று. அதனை மேற்கொள்ளும் பிள்ளைக்குப் பெற்றோரின் பொறுமையும் இல்லத்தாரின் துணையும் வேண்டும். மாணவர்களோ, “முடியாது” என்று ஆசானே கூறினும், ஏன் முடியாது என்று பணிவுடன் கேட்டு, விடையைத் தாமே அளந்து பார்த்தல் வேண்டும். தடையாக நிற்பது பொருளின் இயல்பா, நாம் நீக்காத மாசா என்பது அப்போதே தெரியவரும்.