மூக்குச் சத்திரசிகிச்சையின் பின் உறங்கும் முறை

மூக்கில் சத்திரசிகிச்சை முடிந்து வீடு திரும்பியதும் ஆபத்து நீங்கிவிட்டதென நம்மிற் பலர் எண்ணுகின்றோம். ஆயினும், தலை தாழ்ந்து உறங்கின் முகத்திற் குருதி தேங்கி வீக்கமும் அடைப்பும் பெருகும். குருதிக் கசிவும் ஏற்படலாம்.

எனவே, முதல் ஓரிரு வாரங்களுக்கு மல்லாந்து, தோளிலிருந்தே தலையணைகளால் உயர்த்தி, 30 முதல் 45 பாகை சாய்வில் உறங்குவதே பாதுகாப்பானது. சாய்மனைக் கதிரையும் உதவும். குப்புறப் படுத்தல் கூடாது. புரளாதிருக்க இருபுறமும் தலையணை வைக்கலாம்.

குனிவதும் இவ்வாறே தீங்கு தரும். கோயிலில் வீழ்ந்து வணங்குவோரும், தொழுகையில் சுஜூது செய்வோரும் வைத்தியரின் ஆலோசனையைப் பெறல் வேண்டும். இயலாத நோயாளர் அமர்ந்து சைகையால் தொழுவதற்கு இஸ்லாம் இடமளிக்கின்றது.

குருதி நில்லாது வழியுமாயின், விடியும்வரை காத்திராது வைத்தியசாலைக்கு விரைதல் வேண்டுமென வலியுறுத்துகின்றோம்.