மொட்டைமாடி மின்சாரம்: அன்றும் இன்றும்

2012இன் மின்வெட்டைத் தமிழ்நாட்டில் அனுபவித்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சென்னைக்கு 2 மணி நேரம். மாவட்டங்களில் பாதி நாள் கரண்ட் இருக்காது. அந்த ஆண்டு அக்டோபரில்தான் மாநில அரசு தன் சூரிய மின்சக்திக் கொள்கையை வெளியிட்டது. 2015க்குள் 3,000 மெகாவாட் என்பது இலக்கு. மாடியில் சோலார் பேனல் வைக்கும் வீட்டுக்கு, உற்பத்தியாகும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் முதல் இரண்டு ஆண்டு 2 ரூபாய், அடுத்த இரண்டு ஆண்டு 1 ரூபாய், அதற்கடுத்த இரண்டு ஆண்டு 50 பைசா என்று ஊக்கத்தொகை அறிவித்தார்கள். 2013இல் முதலமைச்சரின் திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு மாநிலம் 20,000 ரூபாய் தந்தது; மத்திய அரசின் மானியம் 30 சதவீதம்.

அறிவிப்பு நல்ல அறிவிப்புதான். ஆனால் ஒரு கிலோவாட் அமைக்கவே லட்ச ரூபாயை ஒட்டி ஆகும். மானியம் போகப் பாதிப் பணம் கையிலிருந்து போட வேண்டும். அதையும் போடத் துணிந்தவர்களுக்கு இன்னொரு ஏமாற்றம் காத்திருந்தது. பேட்டரி இல்லாமல் மின்வாரிய லைனோடு இணைத்த சோலார், கரண்ட் போன நொடியே தானும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை பார்ப்பவருக்கு ஷாக் அடித்துவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மின்வெட்டுக்கு வழி தேடியவர்களுக்கு அது எப்படிப் பயன்படும்?

இன்று யாரும் மின்வெட்டுக்காக சோலார் வைப்பதில்லை. பில்லுக்காக வைக்கிறார்கள். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் கணக்கு எளிது: முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000, மூன்றாவதுக்கு 18,000, அதற்கு மேல் எவ்வளவு வைத்தாலும் மொத்தம் 78,000தான். பணம் நேராக வங்கிக் கணக்குக்கு வருகிறது. பேனல் மட்டும் இந்தியாவில் தயாரான செல்களைக் கொண்டதாக இருக்க வேண்டும்.

ஆனாலும் மானியத்தை விடப் பெரிய ஊக்கம், வீட்டு வாசலில் மாட்டும் இருவழி மீட்டர் என்பேன். பகலில் நாம் லைனுக்கு அனுப்பும் யூனிட்டை, இரவில் எடுக்கும் யூனிட்டில் அது கழித்துக்கொள்கிறது. இரண்டு மாதத்துக்கு 620 யூனிட் ஓடும் வீட்டை எடுத்துக்கொள்வோம். 500ஐத் தாண்டியதால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்குக் கிடைக்கும் குறைந்த விலையும் போய், பில் 3,000 ரூபாயைத் தாண்டும். இரண்டு கிலோவாட் வைத்தால் நாளொன்றுக்குச் சுமார் 8 யூனிட், இரண்டு மாதத்தில் 480. மிச்சம் 140 யூனிட். அதில் முதல் 100 இலவசம்.

யூனிட்டுக்கு யூனிட் கழிக்கும் இந்த ஏற்பாடும் நிலையாக இருந்ததில்லை. 2013இல் வந்தது, 2019இல் மாற்றினார்கள். நாம் அனுப்பும் யூனிட்டுக்கு இரண்டு ரூபாய் சொச்சம்தான் என்று ஆனதும் பலர் பின்வாங்கினார்கள். 2021இல் வீடுகளுக்குத் திரும்ப வந்தது. இருபத்தைந்து ஆண்டு உழைக்கும் பொருளை வாங்குகிறவரிடம் விதியை இப்படி மாற்றிக்கொண்டிருப்பது நியாயமில்லை.

தொழில் நிறுவனங்களின் கதை வேறு. அவர்களுக்கு ரொக்க மானியம் இல்லை. வருமான வரியில் தேய்மானக் கழிவு உண்டு. 2017 மார்ச் வரை 80 சதவீதம். 10 லட்சத்துக்கு சோலார் வைத்தால் 8 லட்சத்தை ஒரே ஆண்டில் கழித்துக்கொள்ளலாம். அதன்பின் 40 சதவீதமாகிவிட்டது. போதாக்குறைக்கு, தன் கூரையில் தானே எடுக்கும் மின்சாரத்துக்கும் நெட்வொர்க் கட்டணம் விதிக்கப்பட்டது. கொதித்தெழுந்த சிறுதொழில் முனைவோருக்கு 2023இல் அதில் பாதியைக் குறைத்தார்கள். முழுதாகவே எடுத்திருக்கலாம்.

அடுக்குமாடியில் இருப்பவர்கள் இது தங்களுக்கில்லை என்று ஒதுங்க வேண்டாம். லிஃப்ட், மோட்டார், பொது விளக்குகளுக்காகக் குடியிருப்போர் சங்கம் 500 கிலோவாட் வரை வைக்கலாம். கிலோவாட்டுக்கு 18,000 மானியம் உண்டு. அடுத்த சங்கக் கூட்டத்தில் ஓராண்டு பில்களை எடுத்துக்கொண்டு போய்ப் பேசுங்கள். தனி வீட்டுக்காரர்களும் உங்கள் பில்களைப் பார்த்தே அளவை முடிவு செய்யுங்கள். மானியத் தொகையைப் பார்த்து அல்ல.