பழைய போனோகிராஃபில் அந்தக் குட்டிக் கத்தி எதுக்கு?

பழம்பொருள் கடையிலோ ஆன்லைன் ஏலத்திலோ ஓர் எடிசன் போனோகிராஃபைப் பார்க்கிறீர்கள். மரப்பெட்டி, சாவி, புனல் எல்லாம் புரிகிறது. ஆனால், ஊசி நகரும் இடத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு கத்தி! பாட்டுப்பெட்டியில் கத்திக்கு என்ன வேலை? 'யாரோ பின்னாடி மாட்டியிருப்பாங்க' என்று கழற்றிப் போடத் தோன்றும். போட்டுடாதீங்க.

நம் ஊரில் இசைத்தட்டு சுற்றும் கிராமஃபோனையும் போனோகிராஃப் என்று சொல்லிவிடுகிறோம். எடிசன் 1877-ல் உருவாக்கிய போனோகிராஃப் உருளையில் இயங்குவது. பின்னாளில் மெழுகு உருளைகள் வந்தபோது, பாட்டுக் கேட்பதோடு வீட்டிலேயே பேசிப் பதிவும் செய்ய முடிந்தது. விநோதமாகத் தெரியும் உதிரிகளில் பல அதற்காக வந்தவைதான்.

அந்தக் கத்தியின் பெயர் ஷேவர். பழைய பதிவு வேண்டாம் என்றால், மெழுகின் மேல்பரப்பை மெல்லிசாகச் சீவிவிட்டு மறுபடி பதியலாம். சிலேட்டை அழித்து எழுதுகிற மாதிரி.

இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டியது, வட்டமான அந்த ஒலிப்பெட்டி. பெரும்பாலும் இரண்டு இருக்கும், பார்க்க அண்ணன் தம்பி மாதிரி. அடியில் தொங்கி அசையும் சின்ன எடை இருந்தால் அது பாட்டைக் கேட்க உதவும் ரீப்ரொட்யூசர். எடை இல்லாமல் கூரான முனை மட்டும் இருந்தால் ரெக்கார்டர். அது மெழுகை வெட்டும். பதிவான உருளையில் தெரியாமல் இதை வைத்துவிட்டால், உள்ளே இருந்த குரல் போச்சு!

கடையில் விற்ற பிற்கால உருளைகளின் விளிம்பில் பாட்டின் பெயர் இருக்கும். பெயரே இல்லாத பழுப்பு மெழுகு உருளை கிடைத்தால், அது யாரோ வீட்டில் பேசிய பேச்சாக இருக்கலாம். அதற்கு இன்னொரு பிரதி உலகத்தில் எங்கும் இருக்காது. மேல்பரப்பைத் தொடாமல், உள்பக்கம் இரு விரல் விட்டுத் தூக்குங்கள்.

உருளை பொருந்தும் தண்டின் ஓரத்தில் கூடுதலாகக் குட்டிப் பற்சக்கரங்களும் ஒரு குமிழும் தெரிகிறதா? அது 1908-ல் வந்த மாற்றம். அதுவரை ஓர் உருளை இரண்டு நிமிடம்தான் பாடும். அங்குலத்துக்கு 100 வரி இருந்ததை 200 ஆக்கி, நான்கு நிமிட அம்பரால் உருளைகளைக் கொண்டுவந்தார் எடிசன். பழைய கருவியை வைத்திருந்தவர்கள் இந்தப் பற்சக்கரங்களைத் தனியாக வாங்கி மாட்டிக்கொண்டார்கள். ஆகவே, அதைப் பார்த்து 'ஒரிஜினல் இல்லை' என்று ஒதுக்க வேண்டாம். ஆனால், இரண்டு நிமிட ஊசியை நான்கு நிமிட மெழுகு உருளையில் ஓட்டினால் நெருக்கமான அந்த வரிகள் தேய்ந்துவிடும்.

பெட்டியின் முன்னால் வளைந்து நிற்கும் கம்பியும் அதில் தொங்கும் சங்கிலியும் அலங்காரம் அல்ல, பெரிய புனலைத் தாங்கத்தான்.

கிராமஃபோனோடு பாக்குவெட்டி மாதிரி ஒன்று வந்தால் சமையலறைக்கு அனுப்பிவிடாதீர்கள். மூங்கில் ஊசியின் முனை மழுங்கியதும் நறுக்கிக் கூராக்கும் வெட்டி அது. எடிசனின் தடித்த இசைத்தட்டுக் கருவியில் ஒலிப்பெட்டி, தட்டுக்கு இணையாகப் படுத்திருக்கும். செங்குத்தாக நின்றால், மற்ற கம்பெனித் தட்டுகளைக் கேட்க யாரோ அடாப்டர் மாட்டியிருக்கிறார்கள். எடிசன் தட்டில் ஊசி மேலும் கீழும் அசையும், மற்ற பெரும்பாலானவற்றில் பக்கவாட்டில். அதனால், அடாப்டரோடு இருந்தால் எடிசன் தட்டை அதில் வைக்காதீர்கள். கழற்றிப் பத்திரப்படுத்துங்கள், அதற்கும் வாங்க ஆள் உண்டு.