ஓட ஓடச் சரியாகிவிடுமா?

நம் ஊரில் ஒருவர் புதுக் கார் வாங்கினால் முதலில் என்ன நடக்கும்? கோயில் வாசலில் வண்டிக்கு மாலை போட்டு, சந்தனம் வைத்து, நான்கு சக்கரங்களுக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவார்கள். வீடே மகிழ்ச்சியில் திளைக்கும். சில வாரங்கள் கழித்து முன்பக்கத்திலிருந்து ‘கட கட’ என்று ஓர் ஓசை வரும். அல்லது மீட்டர் பலகையில் மஞ்சள் விளக்கு ஒன்று எரியும். உடனே வீட்டில் முகங்கள் வாடிவிடும். “பத்து வருடம் ஓடிய பழைய வண்டியே ஒழுங்காக ஓடியது. புது வண்டிக்கு என்ன வந்தது?” என்பார் தாத்தா. “நேரம் சரியில்லை” என்பார் பாட்டி. வண்டி விற்ற நிலையத்தின் பட்டறையிலோ, “புது வண்டிதானே சார், ஓட ஓடச் சரியாகிவிடும்” என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள்.

இந்தப் பதில் சில நேரங்களில் முழு உண்மை. வேறு சில நேரங்களில் அதை நம்புவது ஆபத்து. எந்தக் குறை ஓடினால் தீரும், எது ஓடினால் வளரும் என்பதைப் பிரித்தறிய நீங்கள் படிக்கும் இயற்பியலே போதும். எப்படி என்று காண்போம்.

முப்பதாயிரம் உறுப்புகள்

ஒரு காரில் சிறு திருகாணி வரை எண்ணினால் ஏறத்தாழ 30,000 உறுப்புகள் இருக்கும். தொழிற்சாலையில் லட்சம் உறுப்புகளுக்கு ஒன்று வீதம் குறையுடன் வெளிவருவதாக வைத்துக்கொள்வோம். மிகச் சிறந்த வேலைதான் என்று தோன்றுகிறதல்லவா? கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓர் உறுப்பு நல்லதாக இருக்கும் நிகழ்தகவு 0.99999. முப்பதாயிரமும் நல்லவையாக இருக்க, இந்த எண்ணை 30,000 தடவை தன்னாலேயே பெருக்க வேண்டும். விடை ஏறத்தாழ 0.74. அதாவது 100 கார்களில் 26 கார்களில் எங்கேனும் ஒரு குறை இருக்கும்! பத்து லட்சத்துக்கு ஒன்று என்று தரத்தை உயர்த்தினாலும் 100க்கு 3 கார்கள் தப்பாது. ஆகவே புதுக் காரில் குறை தென்படுவதற்கு நேரமும் ராசியும் காரணமல்ல. பெரிய எண்கள் செய்யும் வேலை அது.

தொட்டி வடிவ வளைவு

எந்திரங்கள் பழுதாகும் வீதத்தை அவற்றின் வயதுக்கு எதிராக வரைபடம் வரைந்தால் ஒரு விந்தையான வடிவம் கிடைக்கும். தொடக்கத்தில் உயரமாக இருந்து சரசரவென்று இறங்கும். பின்பு நெடுங்காலம் தாழ்ந்து சமமாகச் செல்லும். முதுமையில் மீண்டும் ஏறும். மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் தொட்டியைக் குறுக்கே வெட்டினாற்போல் இருக்கும். பொறியாளர்கள் இதைக் ‘குளியல் தொட்டி வளைவு’ என்பார்கள்.

இடப்பக்கச் சுவருக்குக் காரணம் என்ன? வார்ப்பில் சிக்கிய ஒரு காற்றுக் குமிழி, சரியாகப் பொருந்தாத ஒரு மின் இணைப்பி, முறுக்க மறந்த ஒரு மரை. இத்தகைய பிறவிக் குறைகள் வண்டி குலுங்கி, சூடாகி, ஆறும் முதல் சில மாதங்களிலேயே வெளிப்பட்டுவிடும். அவை மாற்றப்பட்டபின் வண்டி அமைதியாக ஓடும். வலப்பக்கச் சுவரோ தேய்மானத்தால் வருவது. தாத்தாவின் பழைய வண்டி இத்தனை காலம் தொட்டியின் அடித்தளத்தில் ஓடிக்கொண்டிருந்தது. புது வண்டி இப்போதுதான் இடப்பக்கச் சுவரில் இறங்கிக்கொண்டிருக்கிறது.

மின்னணுக் கருவிகள் செய்யும் தொழிற்சாலைகளில் இந்தச் சுவரைக் கடப்பதற்கென்றே சில பாகங்களை அதிக வெப்பத்தில் பல மணி நேரம் இயக்கிப் பார்ப்பார்கள். பலவீனமானவை அங்கேயே செத்துவிடும். முழுக் காரையும் அப்படி மாதக்கணக்கில் ஓட்டிப் பார்த்து விற்க முடியாது. எனவே அந்தச் சோதனையின் ஒரு பகுதி நம் சாலைகளில்தான் நடக்கிறது. வாரண்டி எனப்படும் உத்தரவாதக் காலம் இதற்காகவே இருக்கிறது.

ஓடினால் தீரும் குறைகள்

எஞ்சினின் சிலிண்டர்ச் சுவர் கண்ணுக்கு வழுவழுப்பாகத் தெரியும். நுண்ணோக்கியில் பார்த்தால் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கீறல்கள் இருக்கும். மசகு எண்ணெய் தங்குவதற்காக வேண்டுமென்றே போட்ட கீறல்கள் அவை. கீறல்களுக்கு இடையே சிறு சிறு மேடுகள் இருக்கும். எரியும் வாயுவின் அழுத்தம் பிஸ்டன் வளையத்தைச் சுவரோடு அழுத்த, மேடுகள் தேய்ந்து மழுங்கும். கீறல்கள் எஞ்சி நிற்கும். வளையமும் சுவரும் ஒன்றுக்கொன்று பொருந்திவிடும். ஒரு காலத்தில் புதுக் கார்களின் பின்புறம் ‘ரன்னிங் இன்’ என்று அட்டை மாட்டி மெதுவாக ஓட்டியது இதற்காகத்தான். இன்றைய எஞ்சின்களின் நுட்பம் கூடியிருக்கிறது. ஆயினும் முதல் 1,000 கிலோமீட்டர் வரை ஆக்சிலேட்டரை முழுவதும் அழுத்தாமலும், மணிக்கணக்கில் ஒரே வேகத்தில் ஓட்டாமலும் இருக்கவேண்டும் என்று பல கையேடுகள் கூறுகின்றன.

புது பிரேக் கட்டையும் தகடும் இவ்வாறே ஒன்றோடொன்று படியும். ஆகவே எஞ்சின் சற்று இறுக்கமாக இருப்பது, பிரேக் லேசாகக் கிறீச்சிடுவது, முதல் சில நாள் சூடான வண்ணப்பூச்சு வாடை வருவது ஆகியவை ஓட ஓடக் குறையும்.

ஓடினால் வளரும் குறைகள்

ஒரு போல்ட்டை முறுக்கும்போது அது சுருள்வில்லைப்போல் நீள்கிறது. 50 மில்லிமீட்டர் நீளப் போல்ட் 0.1 மில்லிமீட்டர் நீண்டால், அந்த இழுவிசையே இரு பாகங்களையும் சேர்த்துப் பிடிக்கும். புதுப் பரப்புகளின் மேடுகள் நசுங்கி 0.01 மில்லிமீட்டர் அமிழ்ந்துவிட்டால் போல்ட்டின் நீட்சியில் பத்தில் ஒரு பங்கு போய்விடும். ஹூக் விதிப்படி பிடியிலும் பத்தில் ஒரு பங்கு குறையும். பிடி தளர்ந்தால் அதிர்வு கூடும். அதிர்வு கூடினால் பிடி இன்னும் தளரும். இது தானாகச் சரியாகாது. முதல் சர்வீஸில் போல்ட்டுகளின் இறுக்கத்தைச் சோதிப்பதன் காரணம் இப்போது புரிகிறதல்லவா?

அடுத்து, சக்கரத்தின் சமநிலை. எங்கள் கல்லூரி வேதியியல் ஆசிரியர் ஒருவரின் புதுக் காரில் ஸ்டீயரிங் நடுங்கியது. இரண்டு முறை பட்டறைக்குக் கொண்டுபோனார். அவர்கள் ஊருக்குள் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, “ஒன்றுமில்லை சார், ஓட ஓடச் சரியாகிவிடும்” என்றார்கள். நடுக்கமோ தீரவில்லை.

சக்கரத்தின் விளிம்பில் ஒரு பக்கம் 20 கிராம் எடை அதிகம் என்று கொள்வோம். மணிக்கு 80 கிலோமீட்டர் என்பது நொடிக்கு 22.2 மீட்டர். டயரின் சுற்றளவு 1.8 மீட்டர் என்றால் சக்கரம் நொடிக்கு 12 சுற்றுக்கு மேல் சுற்றும். விளிம்பின் ஆரம் 0.18 மீட்டர். மையவிலக்கு விசையின் சூத்திரத்தில் இவற்றை இட்டால் ஏறத்தாழ 22 நியூட்டன் வரும். இரண்டு கிலோவுக்கு மேற்பட்ட எடை ஒன்று நொடிக்குப் பன்னிரண்டு தடவை சக்கரத்தை மேலும் கீழும் இழுப்பதற்கு இது சமம்! விசை வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் மாறும். எனவே 40 கிலோமீட்டர் வேகத்தில் அது கால் பங்குதான். ஊருக்குள் ஓட்டிய மெக்கானிக்கின் கைக்கு அது தெரியவே தெரியாது. அவர் பொய் சொல்லவில்லை, சோதனைதான் தவறு.

மூன்றாம் முறை ஆசிரியர் ஒரு தாளில் இப்படி எழுதிக்கொண்டு போனார்: “திருச்சி சாலையில், கீரனூரைத் தாண்டியதும், வேகம் 80. நான்காம் கியரிலும் ஐந்தாம் கியரிலும் அதே நடுக்கம். 50க்குக் கீழ் இல்லை.” வேகம் மாறாமல் கியரை மாற்றினால் எஞ்சினின் சுழற்சி மாறும், சக்கரத்தின் சுழற்சி மாறாது. நடுக்கமும் மாறவில்லை என்றால் குற்றவாளி சக்கரத்தின் பக்கம்தான். பட்டறையில் சக்கரங்களைக் கழற்றிச் சமநிலை எந்திரத்தில் மாட்டினார்கள். விளிம்பில் ஒரு சிறு உலோகத் துண்டு பொருத்தியதும் நடுக்கம் நின்றது.

காரே எழுதும் நாட்குறிப்பு

இன்றைய கார்களில் உள்ள கணிப்பொறி பழுதுகளைக் குறியீடாகப் பதிவு செய்கிறது. எடுத்துக்காட்டாக, ‘பி 0301’ என்றால் முதல் சிலிண்டரில் எரிதல் தவறுகிறது என்று பொருள். அந்த நேரத்தில் வண்டியின் வேகம், எஞ்சினின் சுழற்சி, வெப்பநிலை ஆகியவையும் உடன் பதிவாகும். மஞ்சள் விளக்கு எரிந்து தானாக அணைந்துவிட்டாலும் குறியீடு சில காலம் நினைவில் இருக்கும். பட்டறையில் அதைப் படித்துச் சொல்லும்படி கேட்கலாம். “விளக்கை அணைத்துவிட்டோம்” என்றால் போதாது; எந்தக் குறியீடு, என்ன காரணம் என்று கேட்பதே முறை.

ஒரு லட்சம் கார்கள்

குறை ஒரு வண்டியோடு நிற்காமல் ஒரு தொகுதி முழுவதிலும் இருப்பது உண்டு. 2010 பிப்ரவரியில் மாருதி சுசூகி நிறுவனம் தன் ஏ-ஸ்டார் கார்களில் ஏறத்தாழ ஒரு லட்சத்தைத் திரும்ப அழைத்தது. பெட்ரோல் பம்ப்பில் உள்ள கேஸ்கட் என்னும் சிறு அடைப்பு வளையத்தை மாற்றுவதற்காகத்தான்! பெட்ரோல் கசிவு ஓட ஓடச் சரியாகும் குறையா? வண்டியை ஓட்டியவர்கள் சொன்ன புகார்கள் எழுத்தில் சேர்ந்தால்தான் இத்தகைய பொதுக் குறைகள் விரைவில் வெளிப்படும். 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், பாதுகாப்புக் குறையுள்ள வண்டிகளைத் திரும்ப அழைக்கும்படி உற்பத்தியாளருக்கு ஆணையிட மைய அரசுக்கு அதிகாரம் தந்துள்ளது.

நீங்கள் செய்ய வேண்டியது

அறந்தாங்கியிலிருந்தோ பொன்னமராவதியிலிருந்தோ புதுக்கோட்டைக்கும் திருச்சிக்கும் வண்டியைக் கொண்டுவர அரை நாள் போய்விடும். அதனால் பலர் நாளை, மறுநாள் என்று தள்ளிப்போடுகிறார்கள். வாரண்டி முடிந்தபின் அதே பழுதுக்குத் தங்கள் கைப்பணம் கொடுக்கிறார்கள். தவணையில் வாங்கிய வண்டியானால் இரட்டைச் சுமை!

ஓட்டுபவர் சாலையைப் பார்க்கட்டும். பக்கத்தில் அமரும் நீங்கள் குறிப்பெடுங்கள். தேதி, கிலோமீட்டர், வேகம், எஞ்சின் சூடா குளிர்ச்சியா, ஏ.சி. ஓடியதா, சாலை மேடா பள்ளமா என்று எழுதுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். பட்டறையில் கொடுக்கும் ‘ஜாப் கார்டில்’ உங்கள் குறை நீங்கள் சொன்னபடியே எழுதப்பட்டதா என்று பார்த்து ஒரு படி வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். வாயால் சொன்னது காற்றோடு போகும். பின்னர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குச் செல்ல நேர்ந்தால் அந்தத் தாளே சாட்சி. பிரேக், ஸ்டீயரிங், எரிபொருள் கசிவு, புகை ஆகியவற்றில் மட்டும் குறிப்பெடுக்கக் காத்திருக்க வேண்டாம். வண்டியை உடனே நிறுத்தச் சொல்லிவிடுங்கள்.

செய்து பாருங்கள்

உங்கள் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்துங்கள். முன்சக்கரத்தின் ஓர் ஆரக்கம்பியில், விளிம்பை ஒட்டிச் சிறிது ஈரத்துணியை இறுகக் கட்டுங்கள். சக்கரத்தை முதலில் மெதுவாகவும், பிறகு வேகமாகவும் சுழற்றுங்கள். முன்கவையைத் தொட்டுப் பார்த்தால் நடுக்கம் எப்படி வளர்கிறது என்று கை உணரும். பிறகு துணிக்கு நேர் எதிரே அதே எடையுள்ள மற்றொரு துணியைக் கட்டிச் சுழற்றுங்கள். என்ன ஆகிறது? ஏன்? விடையை உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் சொல்லுங்கள்.