உஷார்! தீ அணைந்த பிறகுதான் விஷம் வீட்டுக்கு வருகிறது

தீயணைப்பு நிலையத்தில் வேலை பார்க்கும் தம்பிகளே, அவர்கள் எப்போது வருவார்களோ என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும் தங்கச்சிகளே, ஒரு நிமிஷம்!

டூட்டி முடிந்து வரும்போது சட்டையிலும் தலைமுடியிலும் ஒரு கருகல் வாடை வருமே, அதை வெறும் வாடை என்றுதானே நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்?

இல்லை. அது விஷம்.

எங்களுக்குத் தெரிந்த ஒரு வீடு. பெயர் வேண்டாம். பிளாஸ்டிக் குடோனில் ராத்திரி தீ. ஜுவாலை அடங்கியதும் 'அப்பாடா' என்று மூச்சுக்கருவியைக் கழற்றி வைத்துவிட்டு, இரண்டு மணி நேரம் கங்கு கிளறியிருக்கிறார் அந்தத் தம்பி. யாரோ டீயும் பன்னும் கொண்டுவந்து கொடுக்க, கரிக் கையோடே தின்றிருக்கிறார். விடிந்து வீட்டுக்கு வந்ததும் மூன்று வயசுப் பெண் ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொண்டது. அவர் மனைவி அந்த உடுப்பைப் பையனின் பள்ளிக்கூடச் சட்டையோடு ஒரே பக்கெட்டில் ஊறப்போட்டாள். மூன்று தண்ணீர் அலசியும் வெள்ளைச் சட்டையில் வாடை போகவில்லை. சாயங்காலம் அவருக்குத் தலை பிளக்கும் வலி, குமட்டல். காறித் துப்பினால் கறுப்பு. இரண்டு நாள் ஆஸ்பத்திரி. டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, "தீ அணைஞ்சப்புறம் மாஸ்க் போட்டிருந்தீங்களா?"

இங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். கண்ணுக்குப் புகை தெரியாவிட்டாலும், சோபா நுரை, ஒயர், பெயின்ட், பிளாஸ்டிக் எல்லாம் உள்ளுக்குள் புழுங்கிக்கொண்டேதான் இருக்கும். கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் சயனைடு, பென்சீன், ஃபார்மால்டிஹைடு என்று கக்கிக்கொண்டே இருக்கும். கிளறும்போது இன்னும் கிளம்பும்.

கங்கு ஆறும்வரை முகமூடியைக் கழற்றாதீர்கள்!

மூக்கை மூடினால் போதுமா? போதாது. கரியில் புற்றுநோய் தரும் ரசாயனங்கள் பிசுக்காக ஒட்டியிருக்கின்றன. அவை தோல் வழியாகவே உடம்புக்குள் போகும். கழுத்து, தாடை, மணிக்கட்டு, தொடையிடுக்கு... வியர்த்துச் சூடேறிய தோல் இன்னும் சுலபமாக உறிஞ்சும்.

மிகைப்படுத்துகிறேன் என்று நினைக்கவேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2022-இல் தீயணைப்பு வேலையையே புற்றுநோய் உண்டாக்கும் முதல் வகுப்பில் சேர்த்துவிட்டது. புகையிலையும் ஆஸ்பெஸ்டாஸும் இருக்கும் அதே பட்டியல்! சிறுநீர்ப்பைப் புற்றுக்கும், நுரையீரலைச் சுற்றிய உறையில் வரும் மெசோதீலியோமாவுக்கும் போதிய ஆதாரம் இருக்கிறது என்றார்கள். இரண்டாவது நோய்க்கு ஆஸ்பெஸ்டாஸ்தான் முக்கியக் காரணம். நம் ஊர் குடோன், ஷெட் எதற்கெல்லாம் அந்த ஷீட் கூரை என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டுமா? சூட்டில் அது படபடவென்று வெடித்துச் சிதறும்போது பக்கத்தில் நிற்பவர் நீங்கள்தான். நோய் தலைகாட்டுவதோ பல பத்தாண்டுகள் கழித்து.

கோட்டை நாலு உதறு உதறினால் சரியாகிவிடும் என்பவர்களுக்கு ஒரு கணக்கு. அமெரிக்காவில் இல்லினாய்ஸில் தீயணைப்பு வீரர்களை வைத்தே சோதித்து, 2017-இல் வெளியிட்டார்கள். உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்தால் உடுப்பிலிருந்து போனது சுமார் 23 சதவீதம். சோப்புத் தண்ணீரும் பிரஷ்ஷும் போட்டுத் தேய்த்தால் 85 சதவீதம்! ஈரத் துடைப்பானால் துடைத்ததற்கே கழுத்துக் கரியில் பாதிக்கு மேல் போய்விட்டது. வண்டியில் இல்லாத தண்ணீரா? ஒரு பக்கெட், ஒரு பிரஷ், கொஞ்சம் சோப்பு. இதற்கு எந்த டெண்டரும் வேண்டியதில்லை.

கழுவிய கோட்டைப் பையில் கட்டி வையுங்கள். ஆள் உட்காரும் இடத்தில் போடாதீர்கள், மூடிய வண்டிக்குள் அது வாயு கக்கிக்கொண்டே வரும். முகமும் கையும் கழுவாமல் டீக் கிளாஸைத் தொடாதீர்கள். ஒரு மணி நேரத்துக்குள் சோப்புப் போட்டுத் தலைக்குக் குளித்துவிடுங்கள், ஸ்டேஷனிலேயே. உடுப்பையும் அங்கேயே துவையுங்கள். குழந்தையைத் தூக்குவது அதற்கப்புறம்தான். மனசு கேட்காது, தெரியும். ஆனாலும் அப்புறம்தான்!

குளித்த பிறகு வெள்ளைத் துண்டால் கழுத்தைத் துடைத்துப் பாருங்கள். கறுப்பு வந்தால் இன்னொரு குளியல் பாக்கி. மறுநாள் வியர்வையில் புகை வாடை அடித்தாலும் அப்படித்தான். தலைவலி, வாந்தி, மூச்சிரைப்பு, குழப்பம் வந்தால் தூங்கினால் சரியாகும் என்று படுத்துவிடாதீர்கள். உடனே ஆஸ்பத்திரி!

கறை படிந்த ஹெல்மெட்டைப் பதக்கம் மாதிரி வைத்திருக்கிறீர்களே, அதையும் கழுவுங்கள் சாமி.

ஓய்வு பெற்ற அண்ணன்மார்களும் கேளுங்கள். மேலே சொன்ன சிறுநீர்ப்பைப் புற்றாக இருக்கலாம், அதனால் சிறுநீரில் ரத்தம் தெரிந்தால், வலியே இல்லாவிட்டாலும், ஒரே ஒரு தடவைதான் என்றாலும், சூடு என்று சொல்லி இளநீர் குடித்துவிட்டு உட்காராதீர்கள். டாக்டரிடம் போனதும், "நான் ஃபயர் சர்வீஸில் இருந்தவன்" என்று முதலில் சொல்லுங்கள். அவராகக் கேட்கமாட்டார்.