மைக்ரோஃபிலிமில் இருந்து கம்ப்யூட்டருக்கு: தாத்தாவின் மருந்துப் புத்தகம்

என் தாத்தா 1930-களில் அச்சிட்ட சித்த மருத்துவப் புத்தகம் எங்கள் வீட்டில் ஒரே பிரதிதான் இருந்தது. அதையும் கரையான் அரித்துவிட்டது. பிறகு ஒரு நூலகத்தில் அதன் மைக்ரோஃபிலிம் கிடைத்தது. ஃபிலிமை ஸ்கேன் செய்து 64 படங்களாகத் தந்தார்கள். டைப் செய்யாமல் இவற்றை டெக்ஸ்ட்டாக மாற்ற, ஓ.சி.ஆர். எனப்படும் எழுத்துணரி மென்பொருளை நாடினேன்.

படத்தைத் தயார் செய்யுங்கள்

என் ஃபிலிம் நெகட்டிவ். அதாவது கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து. ஜிம்ப் மென்பொருளில் இதைத் தலைகீழாக்கினேன். பக்கச் சாய்வையும் புள்ளி அழுக்கையும் ஸ்கேன் டெய்லர் சரிசெய்தது. இரண்டுமே இலவசம். படம் 300 டி.பி.ஐ. அளவில் இருப்பது நல்லது.

எழுத்தை அறிதல்

நான் பயன்படுத்தியது டெசராக்ட். எச்.பி. நிறுவனம் உருவாக்கி, 2005-ல் ஓப்பன் சோர்ஸாக வெளியிட்ட மென்பொருள் இது. கட்டளை டைப் செய்யத் தயங்குபவர்கள் ஜிஇமேஜ்ரீடர் மூலம் மவுஸாலேயே இயக்கலாம். தமிழ் மொழி ஃபைலையும் சேர்த்து நிறுவ மறக்காதீர்கள்.

புதிய எழுத்துகள் பெரும்பாலும் சரியாக வந்தன. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய, துதிக்கை போட்ட லை, னை போன்றவைதான் தடுமாறின. அவற்றைக் கையால் திருத்தினேன்.

நான் செய்த தவறு

வரிகளுக்கு நடுவே உ, ச, எ என்று தனி எழுத்துகள் சிதறிக் கிடந்தன. ஃபிலிமில் இருந்த தூசி என்று நினைத்து, எல்லாவற்றையும் நீக்கிவிட்டேன். அச்செடுத்து அம்மாவிடம் கொடுத்தேன். இரண்டு பக்கம் படித்துவிட்டு, "அளவே இல்லையேடா, எதை எவ்வளவு போடுறது?" என்றார்.

அப்போதுதான் புரிந்தது. அவை தமிழ் எண்கள்! ௨ என்பது 2, ௪ என்பது 4, ௭ என்பது 7. மென்பொருள் அவற்றை உருவம் ஒத்த எழுத்துகளாகப் படித்திருந்தது. நானோ மருந்தின் அளவுகளையே துடைத்துவிட்டேன். நல்லவேளை, படங்களை அழிக்கவில்லை. ஒவ்வொரு எண்ணையும் படத்தோடு ஒப்பிட்டு மீண்டும் சேர்க்க மூன்று வாரம் ஆனது.

நீங்களும் பழைய நூலை மாற்றினால், ஓ.சி.ஆர். தந்த முதல் ஃபைலைத் தொடாமல் தனியே வையுங்கள். திருத்தங்களை நகலில் மட்டும் செய்யுங்கள். மருந்து, ஜாதகம், கணக்கு நூல்களில் எண்களை முதலில் சரிபாருங்கள். ஓ.சி.ஆர். டைப் செய்யும் வேலையைத்தான் மிச்சப்படுத்தும். படித்துப் பார்க்கும் வேலை நம்முடையது.